பெயரை மறைத்த மாணவர் பெயரையே பத்திரிகையாக்கினார்

கோயம்புத்தூரில் ஒரு மாணவர் படித்தார். காலையில் பள்ளிக்குச் சீக்கிரமே வந்துவிடுவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வகுப்பு முடிந்ததும் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு விளையாட அவருக்கும் ஆசை உண்டு. ஆனால் நெருங்கிப் பழகினால் ஊர் எது, குடும்பம் எது, சாதி எது என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள். அங்கே படித்த ஏறத்தாழ 400 மாணவர்களில் 10 பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள்.

அந்த மாணவர்தான் இரட்டைமலை சீனிவாசன். பின்னாளில், எந்தச் சாதிப் பெயர் தெரிந்துவிடக் கூடாது என்று பள்ளிக்கூட வாசலில் பயந்து நின்றாரோ, அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பத்திரிகை தொடங்கினார். ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று மேடையில் பேசுகிறோம். அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பதை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இன்று அந்தப் பத்திரிகையின் கதையைப் பார்ப்போம்.

கோழியாளத்திலிருந்து சென்னைக்கு

நம் மதுராந்தகத்துக்கு அருகே உள்ள கோழியாளம் என்ற சிற்றூரில் 1860 இல் பிறந்தார் சீனிவாசன். குடும்பம் பிழைப்புக்காகத் தஞ்சைப் பக்கம் போய், பிறகு கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஐரோப்பியர் நடத்திய வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கர் வேலை கிடைத்தது. சுமார் 10 ஆண்டுகள் அங்கே இருந்தார். ஒழுங்கான சம்பளம். மலைப்பிரதேச வாழ்க்கை. அப்படியே இருந்திருந்தால் அவருடைய குடும்பம் நிம்மதியாக வாழ்ந்திருக்கும்.

1890 இல் அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார். வந்ததும் பத்திரிகை தொடங்கிவிடவில்லை. செங்கல்பட்டுப் பகுதியிலும் மற்ற மாவட்டங்களிலும் ஊர் ஊராகப் போய்ச் சேரிகளின் நிலையை நேரில் பார்த்தார். படியாளாகவும் பண்ணையாளாகவும் தலைமுறை தலைமுறையாகக் கடனில் கட்டுண்டு கிடந்த குடும்பங்களைப் பார்த்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

அதே காலத்தில்தான் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் என்ற ஆங்கிலேய அதிகாரி, இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி 1891 இல் ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், பட்டா கேட்டாலும் மிராசுதாரர்களின் ஆட்சேபணையால் கிடைக்காமல் இம்மக்கள் வாழ்வதை அது விளக்கியது. அதையொட்டி 1892 இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று பேசுவதெல்லாம் அந்த ஆணையிலிருந்து வந்ததுதான்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலிடத்தில் அறிக்கை எழுதப்படுகிறது, ஆணை போடப்படுகிறது. ஆனால் யாருக்காக அது போடப்பட்டதோ அவருக்கு அப்படி ஓர் ஆணை இருப்பதே தெரியாது. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் வேறு சாதிக்காரர்கள். சேரியில் நடப்பதைக் கோட்டைக்குச் சொல்லவும் கோட்டையில் நடப்பதைச் சேரிக்குச் சொல்லவும் நடுவில் ஆள் இல்லை. இந்த இடைவெளியில்தான் சீனிவாசன் வந்து நின்றார்.

10 ரூபாயில் ஒரு பத்திரிகை

அப்போது சென்னையில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. 1878 இல் தொடங்கிய ‘தி இந்து’ இருந்தது. 1882 இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ இருந்தது. கிறிஸ்தவ மிஷன்களின் ஏடுகளும் இருந்தன. அரசியல் விழிப்பை வளர்த்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் சேரிக்காரர் ஒருவர் தன் குறையைத் தன் சொல்லிலேயே எழுதி, அதை அப்படியே அச்சில் பார்க்க வேண்டுமென்றால் இவற்றை நம்பி இருக்க முடியாது. போடுவதும் போடாததும் ஆசிரியரின் விருப்பம். ஆசிரியர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதும் அந்த விருப்பத்தில் கலந்திருக்கும்.

சீனிவாசனுக்கு முன்பே ஒடுக்கப்பட்டோர் சிலர் இதழ் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 1869 இலேயே ‘சூரியோதயம்’ என்ற இதழ் வந்ததாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 1880களில் அயோத்திதாசப் பண்டிதரும் ஜான் ரத்தினமும் சேர்ந்து ‘திராவிடப் பாண்டியன்’ நடத்தினார்கள். ஆகவே அவர் நடந்தது முன்னோர் போட்ட பாதைதான். ஆனால் அவர் வைத்த பெயர் புதிது.

1893 அக்டோபரில் ‘பறையன்’ வெளிவந்தது. நான்கு பக்க மாத இதழ், விலை 2 அணா. தொடங்க ஆன செலவு சுமார் 10 ரூபாய். சென்னையில் மட்டும் இரண்டு நாளில் 400 பிரதிகள் விற்றுவிட்டன.

பெயரைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களிலேயே படித்து முன்னேறிய சிலருக்கு அது பிடிக்கவில்லை. அயோத்திதாசருக்கே அந்தப் பெயரில் உடன்பாடு கிடையாது. அது எதிரிகள் இழிவாகச் சூட்டிய பெயர், அதை விட்டொழிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சீனிவாசனுக்கு அவர் மைத்துனர் முறை. ஆனாலும் இருவரும் இதில் எதிரெதிரே நின்றார்கள். ஒளிந்து மறைந்து வாழும்வரை உரிமை கேட்க முடியாது, யார் என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டுதான் உரிமையைக் கேட்க வேண்டும் என்பது சீனிவாசனின் எண்ணம். இருவரில் யார் சரி என்று நாம் இன்றும் விவாதிக்கலாம். அந்த விவாதத்தை நம் மக்கள் தங்கள் சொந்த ஏடுகளிலேயே நடத்தினார்கள் என்பது பெருமைக்குரிய செய்தி.

மூன்று மாதத்தில் ‘பறையன்’ வார இதழானது. இரண்டு ஆண்டுகளில் அதற்கென்று சொந்த அச்சுக்கூடம் அமைந்தது. சொந்த அச்சுக்கூடம் என்றால் என்ன என்பதைக் கிராமத்து வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அடுத்தவர் ஏரைக் கேட்டு உழுவதற்கும் சொந்த ஏரில் உழுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. ஊராரைப் பகைத்துக்கொள்ள அஞ்சும் அச்சகக்காரர் நாளைக்கு வா என்று இழுத்தடிக்க முடியாது. இந்தப் பத்தியை எடுத்துவிடு, அந்தப் பெயரை நீக்கிவிடு என்று யாரும் சொல்ல முடியாது.

112 அடி நீள மனு

பத்திரிகை தொடங்கிய ஆண்டே ஒரு பெரிய அரசியல் கேள்வியில் அது இறங்கியது. ஐ.சி.எஸ். தேர்வு அப்போது இங்கிலாந்தில் மட்டுமே நடந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியது. 1893 இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவையில் அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் நிறைவேறியது. படித்த இந்தியர்கள் மகிழ்ந்தார்கள். பத்திரிகைகள் வரவேற்றன.

சீனிவாசன் எதிர்த்தார். 1893 டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லி மிஷன் கல்லூரி மண்டபத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையெழுத்திட்ட ஒரு மனு தயாரானது. அதன் நீளம் 112 அடி. ஜெனரல் செஸ்னி என்ற உறுப்பினர் வழியாக அது நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று இதைப் படிக்கும் மாணவருக்கு நெருடும். இந்தியர்கள் உயர்பதவிக்கு வருவதை ஓர் இந்தியரே எதிர்ப்பதா என்று தோன்றும். அன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வு இங்கே நடந்தாலும் அதை எழுதும் அளவுக்குப் படித்தவர்கள் யார்? சேரிப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியின் திண்ணைகூட எட்டாத காலம் அது. ஊரில் தண்ணீர் தர மறுப்பவரின் மகனே கலெக்டராகவும் வந்து உட்கார்ந்தால் முறையிட இடம் ஏது என்பதுதான் மனுவின் பின்னால் இருந்த அச்சம். வெள்ளைக்காரர் நல்லவர் என்பது அதன் பொருள் ஆகாது.

அவர் ஆங்கில ஆட்சியை அளவுக்கு மீறி நம்பினார் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாடு சுயாட்சி கேட்கும்போது, அதிகாரம் யார் கைக்குப் போகும், அது கீழே இருப்பவருக்கு எப்படி வந்து சேரும் என்று ஒருவராவது கேட்டாக வேண்டும். செல்வாக்குள்ள ஏடுகள் ஒரே குரலில் பேசிய நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டது நான்கு பக்க இதழ் ஒன்று. காங்கிரசின் பணத்திலோ மிஷன் பணத்திலோ நடந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க முடியுமா?

100 ரூபாய் அபராதம்

பத்திரிகையில் ஊர்ப்புறத்துக் கடிதங்களும் வந்தன. 1896 இல் அப்படி வெளியான ஒரு கடிதத்துக்காக வழக்குத் தொடுத்தார்கள். ஆசிரியர் என்ற முறையில் சீனிவாசன் நீதிமன்றத்தில் நின்றார். 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பத்திரிகை தொடங்க ஆன செலவைப் போல் பத்து மடங்கு.

கடிதம் எழுதியவர் வேறு, தண்டனை ஏற்றவர் வேறு. ஆசிரியர் என்றால் யார் என்பதற்கு நம் மாணவர்கள் இதைத்தான் பாடமாகக் கொள்ள வேண்டும். ஊரில் ஒருவர் நடந்த கொடுமையை எழுதி அனுப்பிவிட்டு, மறுநாளும் அதே ஊரில் அதே பண்ணையில் வேலைக்குப் போக வேண்டும். எழுதியவர் எளியவர். அவருக்கு முன்னால் நிற்க ஒருவர் தேவை. அபராதம் போட்டார்கள் என்று சீனிவாசன் பத்திரிகையை நிறுத்திவிடவில்லை. அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் அது வந்தது.

அரசாங்கமும் அதைப் படித்தது. தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வந்த ஏடுகளில் முக்கியமானவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி மேலதிகாரிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அன்று இருந்தது. ஏடுகளைக் கண்காணிப்பதற்கான ஏற்பாடு அது. ‘பறையன்’ எழுதியவையும் அந்த அறிக்கைகளில் இடம்பெற்றன. சேரியில் ஒருவர் எழுதியது கோட்டையில் ஒருவர் மேசைக்குப் போனது. முன்பு சொன்ன இடைவெளி கொஞ்சம் குறைந்தது.

எழுத்தறிந்தவர் மிகக் குறைவாக இருந்த காலத்தில் பத்திரிகையால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அன்றைய வழக்கம். நம் தாத்தாக்கள் காலத்தில்கூட டீக்கடைகளில் அப்படித்தான் செய்தித்தாள் படிக்கப்பட்டது. நமக்கு நடப்பது விதி என்று நினைத்திருந்தவர், அதே கொடுமை வேறொரு ஊரிலும் நடக்கிறது, அங்கே ஒருவர் எதிர்த்து மனு போட்டிருக்கிறார் என்று காதால் கேட்கும்போது அவர் மனத்தில் ஏதோ ஒன்று அசையும். சங்கம் அமைப்பதும் கூட்டம் கூடுவதும் அதற்குப் பிறகுதான் வரும். சீனிவாசன் நடத்திய பறையர் மகாஜன சபையும் இதழும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன.

இதழ் நின்ற பிறகு

ஏழு ஆண்டுகள் வந்த ‘பறையன்’ 1900 இல் நின்றது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் போகும் எண்ணத்தோடு கப்பலேறிய சீனிவாசன், ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே காந்தியோடு பழக்கம் ஏற்பட்டது. காந்திக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தவர் இவர் என்று சொல்லப்படுகிறது.

1921 இல் நாடு திரும்பினார். 1923 இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தலாம், தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, 1925 இல் அரசிதழிலும் வெளியானது. தெருவில் நடக்கும் உரிமைக்குச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதை இளைய தலைமுறை நினைவில் வைக்க வேண்டும். இளம் வயதில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததையும் ஏழு ஆண்டுகள் வாரந்தோறும் எழுதியதையும்தான் அவர் தம் 64 ஆம் வயதில் தீர்மானமாகக் கொண்டுவந்தார் என்று நாம் கருதுகிறோம்.

1930 இலும் 1931 இலும் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது தீண்டாமை என்றால் என்ன என்று அவருக்கே எடுத்துச் சொன்னார். 1932 இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் வந்தன. அம்பேத்கர் மதமாற்றம் பற்றி அறிவித்தபோது, நாம் இந்து மதத்துக்குள் இருந்தால்தானே வெளியேற வேண்டும் என்ற கருத்தோடு மாறுபட்டு நின்றார். பெயர் விஷயத்தில் மைத்துனரோடு உடன்படாதவர், மத விஷயத்தில் அம்பேத்கரோடும் உடன்படவில்லை. சுதந்திரமாகச் சிந்திப்பது அவருக்கு ஏழாண்டுப் பழக்கம் அல்ல, ஆயுள் பழக்கம். 1939 இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக ஒரு சிறு நூலாக எழுதினார். 1945 செப்டம்பர் 18 அன்று சென்னையில் மறைந்தார். ஓட்டேரியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் வீட்டுப் பரணில்

இனி ஒரு வருத்தமான செய்தி. ஏழு ஆண்டுகள் வந்த ‘பறையன்’ இதழ்களைத் தொகுப்பாக எடுத்துப் படிக்க இன்று நமக்கு வழியில்லை. அதைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதெல்லாம் பெரும்பாலும் சீனிவாசனே எழுதிய அந்தச் சிறு நூலிலிருந்தும், அரசாங்கம் ஆங்கிலத்தில் சுருக்கி வைத்த அறிக்கைகளிலிருந்தும்தான். நம்மவர் எழுதிய தமிழ் போய்விட்டது. கண்காணித்தவர் எழுதிய ஆங்கிலம் இருக்கிறது.

அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் கதை வேறு. ஓர் ஆண்டுக்குப் பிறகு ‘தமிழன்’ என்று பெயர் மாறிய அந்த வார இதழை, 1914 இல் தாம் இறக்கும்வரை அவர் நடத்தினார். சென்னையிலும் கோலார் தங்கவயலிலும் இருந்த அன்பர்கள் அந்த இதழ்களைப் பத்திரப்படுத்தினார்கள். பரணில் வைத்தார்கள், பெட்டியில் வைத்தார்கள், பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அப்படிப் பிழைத்த இதழ்களிலிருந்துதான் ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999 இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. தமிழகத்தின் அரசியல் சிந்தனை வரலாற்றையே அந்தத் தொகுப்பு திருப்பி எழுத வைத்தது. பழந்தாளைப் பத்திரப்படுத்திய பெயர் தெரியாத தொழிலாளிகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இரண்டு இதழ்களும் ஏறக்குறைய ஏழேழு ஆண்டுகள் வந்தவைதான். ஒன்றில் என்ன எழுதியிருந்தது என்று படித்து வாதாட முடிகிறது. மற்றொன்றைப் பற்றிக் கேள்விப்பட மட்டுமே முடிகிறது.

ஆகவே வாசகர்களிடம் நமக்கு இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வீட்டிலோ சங்கக் கட்டடத்திலோ பழைய தலித் இதழ்கள், மாநாட்டு மலர்கள், துண்டறிக்கைகள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கல்லூரி ஆசிரியரிடமோ, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்திலோ காட்டுங்கள். கறையானுக்கு அது வெறும் தாள். நமக்கு அது தாத்தா, பாட்டி பேசிய பேச்சு. அடுத்து, இன்று நம்மிடையே வரும் சிற்றிதழ் எதுவானாலும் சந்தா கட்டிப் படியுங்கள். அதன் கருத்தோடு முழுவதும் உடன்பட வேண்டும் என்பதில்லை. உடன்படாவிட்டால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

கோழியாளத்துப் பிள்ளை வைத்த பத்திரிகையில் அப்படி ஒருவர் எழுதிய கடிதத்துக்குத்தான் 100 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படித்துப் பார்க்க நமக்கு ஆசை. இதழ் கையில் இல்லை.